முகம் இழுக்கிறது, கிரீம் உருண்டு வருகிறது: எதை எதோடு போடுவது?

நாகைக்காரன்:
வணக்கம். சொந்த ஊர் நாகப்பட்டினம். அங்கே இருந்தவரை முகம் எண்ணெய் வழியும், மாய்ஸ்சரைசர் பக்கமே போனதில்லை. வேலைக்காக பெங்களூரு வந்த பிறகு டிசம்பரிலிருந்து தலைகீழ். அலுவலகத்தில் நாள் முழுக்க ஏசி. மதியத்துக்குள் கன்னம் இழுக்க ஆரம்பிக்கிறது, வாயோரம் மெல்லிய செதில் வேறு.

இப்போது காலையில் செய்வது இதுதான்: சோப்பு போட்டுக் கழுவுகிறேன் (உறையில் 76 டிஎஃப்எம், முதல் தரம் என்று பார்த்துத்தான் வாங்கினேன்). துண்டால் நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு ஹயலுரானிக் அமில சீரம். அதன்மேல் 10 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3) சீரம். பிறகு கற்றாழை ஜெல், கடைசியாக சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீனைத் தேய்க்கும்போது அழிரப்பர் துகள் மாதிரி வெள்ளை வெள்ளையாக உருண்டு கையோடு வந்துவிடுகிறது. நியாசினமைடு போட்டதும் சுரீரென்று எரிகிறது.

செராமைடு கிரீம் வாங்கலாமா, கிளிசரினே போதுமா? அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். மூன்றையும் சேர்த்துப் போட்டால் தப்பா?

மருந்துக்கடை:
தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. செதில் கன்னத்தில் மட்டுமா, அல்லது மூக்கோரம், புருவம், தலையிலும் உண்டா? மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்து அரிப்பும் இருந்தால் அது வெறும் வறட்சி இல்லை. தலையில் பொடுகுக்குக் காரணமான அதே பூஞ்சை முகத்திலும் வேலை காட்டலாம். அதற்கு எண்ணெய் தடவினால் பூஞ்சைக்குத் தீனி போட்டதாகிவிடும். தோல் டாக்டரைப் பாருங்கள்.

நாகைக்காரன்:
கன்னம், வாயோரம் மட்டும்தான் அண்ணா. அரிப்பு இல்லை, பொடுகும் இல்லை.

லேப் அக்கா:
சரி, அப்படியானால் வறட்சி என்றே எடுத்துக்கொள்வோம். கிரீம், லோஷன் தயாரிக்கும் இடத்தில்தான் எனக்கு வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலைப் பாருங்கள். ஹயலுரானிக் அமிலம், கற்றாழை ஜெல் இரண்டும் நீரைப் பிடித்து வைக்கிற ஜாதி. பிடித்த நீரை ஆவியாகாமல் நிறுத்துகிற பொருள் ஒன்றுகூட இல்லை. நாகையில் கடல் காற்றே ஈரமாக இருந்தது, அதனால் குறை தெரியவில்லை. பெங்களூரு குளிரும் ஏசியும் சேர்ந்தால் காற்று காய்ந்துதான் இருக்கும். காய்ந்த முகத்தில் சீரம் தடவினால் அதற்குப் பிடிக்கவே நீர் இல்லை.

நல்ல மாய்ஸ்சரைசரில் மூன்று வேலை நடக்க வேண்டும். நீரை இழுக்க கிளிசரின், யூரியா போன்றவை. தோல் செல்களுக்கு இடையே உள்ள இடைவெளியை நிரப்ப செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். நம் மேல்தோலிலேயே இருக்கிற கொழுப்புகள்தான் இவை. மேலே படலம் போட்டு நீரை நிறுத்த பெட்ரோலியம் ஜெல்லி அல்லது டைமெத்திகோன். மூன்றுக்கும் மூன்று பாட்டில் தேவையே இல்லை. ஒரே கிரீமில் கிளிசரினும் டைமெத்திகோனும் செராமைடும் இருக்கும்.

லேபிளில் ஒரு விஷயம் பாருங்கள். பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுவார்கள். கிளிசரின் முதல் நான்கைந்துக்குள் வந்தால் நல்லது. பீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்பொருளை வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை, அதனால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் அதற்கும் குறைவுதான். செராமைடு அங்கே இருந்தால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள், கொஞ்சமாகச் சேர்ப்பதே வழக்கம். ஆனால் டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 'பாதாம் எண்ணெய்' என்று போட்டுவிட்டு, பின்னால் வாசனைப் பொருளுக்கும் கீழே அதை எழுதியிருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

நியாசினமைடு கெட்டதல்ல, தோலில் செராமைடு உற்பத்தியையே கூட்டும். 10 சதவீதம்தான் அதிகம். 4, 5 போதும். எரிகிற தோலில் இப்போது அதுவும் வேண்டாம், ஆறிய பிறகு பார்க்கலாம்.

உருண்டு வருவதற்குக் காரணம் நாலு அடுக்கு. ஜெல்களைக் கெட்டியாக்கும் பசைப்பொருள் காய்ந்து படலமாக நிற்கும். அதன்மேல் சன்ஸ்கிரீனை அழுத்தித் தேய்த்தால் படலம் பிய்ந்து உருளும். அடுக்கைக் குறையுங்கள், இடையே ஓரிரு நிமிடம் விடுங்கள், தேய்க்காமல் ஒற்றிப் போடுங்கள்.

மருந்துக்கடை:
அக்கா சோப்பை விட்டுவிட்டார். டிஎஃப்எம் என்பது சோப்பில் உள்ள கொழுப்பின் அளவு, 76 என்றால் மைல்டு என்று அர்த்தமில்லை. எந்த அசல் சோப்பும் காரம்தான், பிஎச் (அமில-கார அளவு) 9, 10 வரும். தோல் 5 பக்கம். காலையில் வெறும் தண்ணீர் போதும், இரவில் சோப்பில்லாத கிளென்சர். என்னைக் கேட்டால் இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி சரியாகும்.

பனங்கற்கண்டு:
எனக்கும் ஒரு சந்தேகம். பெட்ரோலியம் ஜெல்லி போட்டால் பரு வராதா? அப்புறம் யூரியா கிரீம் முகத்துக்கு ஆகுமா? பித்த வெடிப்புக்கு வாங்கியது வீட்டில் இருக்கிறது.

லேப் அக்கா:
சுத்திகரித்த பெட்ரோலியம் ஜெல்லி துளையை அடைப்பதில்லை, பிசுபிசுப்புதான் தொல்லை. இரவில் கிரீமுக்கு மேல், பட்டாணி அளவுக்கும் குறைவாக, வறண்ட இடத்தில் மட்டும். தேங்காய் எண்ணெய்தான் பரு வருகிற முகத்துக்கு ஆகாது. கை காலுக்குத் தாராளமாகத் தடவலாம், அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். யூரியா 10 சதவீதம் வரை ஈரப்பதம் தரும், 20க்கு மேல் போனால் தடித்த தோலை உரிக்கும். குதிகாலுக்கு வாங்கியதை முகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். வெடிப்பில் ரத்தம் தெரிந்தால் குதிகாலுக்கும் இப்போது வேண்டாம், எரியும்.

சுத்த கிளிசரினையும் அப்படியே பூசாதீர்கள். சில சொட்டை ஈரக் கையில் கலந்து போடலாம்.

நாகைக்காரன்:
சோப்பை நிறுத்தினேன். சீரம், நியாசினமைடு, ஜெல் மூன்றையும் ஓரம் வைத்துவிட்டு, ஈர முகத்தில் செராமைடு கிரீம், பிறகு சன்ஸ்கிரீன். உருளுவது நின்றுவிட்டது, எரிச்சல் இல்லை. செதிலும் குறைகிறது. ஆனால் மாலை நாலு மணி வாக்கில் ஏசியில் லேசாக இழுக்கிறது. பன்னீர் ஸ்பிரே மேசையில் வைத்துக்கொள்ளவா?

லேப் அக்கா:
வேண்டாம், அது காயும்போது இன்னும் இழுக்கும். கையை நனைத்துக் கன்னத்தில் ஒற்றிவிட்டு அதே கிரீமைத் துளி எடுத்து மேலே அழுத்துங்கள். உங்கள் இருக்கைக்கு நேர் மேலே ஏசி காற்று வருகிறதா என்றும் பாருங்கள்.

நாகைக்காரன்:
வருகிறது அக்கா, நேராக முகத்துக்கே. நாளைக்கு இடம் மாற்றிக் கேட்கிறேன்.