பழைய சைக்கிளுக்குப் புது பொட்டம் பிராக்கெட் ஏறுதில்லை, அவசரம்

உப்புவெளிப் பெடியன்:
வணக்கம். அப்பான்ர சைக்கிளுக்கு பொட்டம் பிராக்கெட் செற், அதான் பெடல் கிராங் சுத்துற அக்சிலும் அதை ரெண்டு பக்கமும் தாங்கிற கப்பும் போல்ஸும், புதுசா வாங்கினனான். மிதிக்கேக்க கறகறவெண்டு சத்தம், கிராங்கும் ஆடுது. பழசைக் கழட்டியாச்சு. புதுக் கப் ரெண்டு சுத்துப் போய் இறுகி நிக்குது, அங்கால அசையுதில்லை. திங்கட்கிழமை வேலைக்கு இதிலதான் போகோணும். பெரிய ஸ்பனர் போட்டு இழுக்கட்டோ?

துறையடி:
இழுக்க வேணாம் தம்பி, கொஞ்சம் பொறுங்க. என்ன சைக்கிள்? எந்தப் பக்கத்துக் கப்? கிராங்கை அக்சிலோட பிடிக்கக் கோட்டர் பின், அதான் ஆப்பு, அடிக்கிற கிராங்கா, சதுர அக்சிலா?

கறள் வைத்தியர்:
இது கறள்தான். 2009ல திருகோணமலைக் கிண்ணியாப் பாலம் திறக்கிற மட்டும் அந்தப் பக்கம் போன சைக்கிளெல்லாம் படகில ஏறி இறங்கினதுகள். உப்புத்தண்ணி உள்ளுக்குப் போனா மரையில பொருக்குக் கட்டும். துணியை மண்ணெண்ணெயில நனைச்சுக் குழாய்க்குள்ள வச்சு ஓரிரவு விடுங்கோ. விடியக் கம்பிப் பிரஸ்ஸால தேய்ச்சிட்டு ஏத்திப் பாருங்கோ.

பாலையூற்றான்:
செயின் பக்கம் எண்டா மரை எதிர்மரை. மணிக்கூட்டுக்கு எதிராச் சுத்தினாத்தான் இறுகும். கனபேர் அதிலதான் பிழை விடுறவை.

உப்புவெளிப் பெடியன்:
இடப்பக்கக் கப். பின் அடிக்கிற கிராங். கறள் பெரிசா இல்லை, துடைச்சிட்டன்.

பழஞ்சில்லு:
சாமான் வாங்க முதல் அளவெடுக்கோணும் எண்டு எத்தினை தரம் எழுதினாலும் ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. சைக்கிளின்ர பேரைக் கேட்டு இன்னும் பதில் இல்லை. செயின் ஓடுற பெரிய பல்லுச்சில்லில என்ன உருவம் வெட்டியிருக்கு, கொக்கோ கையோ? பிராக்கெட் குழாயின்ர அகலம் எத்தினை மி.மீ.? அளந்து போட்டு வாரும்.

உப்புவெளிப் பெடியன்:
கொக்கு. 71.

பழஞ்சில்லு:
அப்ப நொட்டிங்காம் ராலி. கை எண்டா ரட்ஜ். அதுவும் பிற்காலத்தில ராலிக்காரரே செய்தது. உமக்குக் கடையில தந்தது சாதாரண இங்கிலிஷ் மரைச் செற்: 68 மி.மீ. குழாய்க்கு, அங்குலத்துக்கு 24 மரை. ராலி தன்ர சைக்கிளுக்கு 26 மரை வெட்டினது. விட்டம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்டு, அதாலதான் ரெண்டு சுத்து நல்லபிள்ளை மாதிரிப் போய் நிண்டது. உம்மட கையிலயே ஆதாரம் இருக்கு. பழைய கப்பையும் புதுக் கப்பையும் மரையோட மரை சேர்த்து லைற்றுக்கு நேர பிடியும். ஒண்டுக்கொண்டு படியாமல் நடுவில வெளிச்சம் தெரியும். அரை அங்குலத்துக்குள்ள பழசில 13 மரை வரும், புதுசில 12. ஸ்பனர் போட்டு இழுத்தா கப்புக்கு ஒண்டும் ஆகாது, அது கெட்டி உருக்கு. குழாயின்ர மரைதான் போகும். அது போனா பிரேமே போச்சு.

துறையடி:
அப்ப அவர் என்ன செய்றது, அதையும் சொல்லுங்க.

பழஞ்சில்லு:
பழைய கப்பை மண்ணெண்ணெயில கழுவி, போல்ஸ் ஓடின தடத்தை நகத்தால தடவிப் பாரும். குழி தட்டுப்படாட்டி அதையே போடலாம். செயின் பக்கக் கப்பைக் கழட்டாமல் விட்டிருந்தா இன்னும் நல்லது. போல்ஸை மட்டும் முழுசா மாத்தும்: கால் அங்குலம், போல்ஸைப் பிடிக்கிற கூடு இல்லாமல் பக்கத்துக்கு 11, நிறையக் கிறீஸ். புது அக்சிலைப் போடாதயும், 68 குழாய்க்கான அக்சிலில தடம் ரெண்டும் கிட்டக் கிட்ட இருக்கும். பழசு தேஞ்சிருந்தா அதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில வச்சுப் பார்த்து வாங்கும். கோட்டர் பின் 9.5 மி.மீ., 9 இல்லை.

கறள் வைத்தியர்:
மண்ணெண்ணெய் எண்டு நானும் சொன்னனான்.

மூதூர் மிதி:
இடையில ஒரு சந்தேகம். செயின் பக்கம் எதிர்மரை எண்டுறது எனக்கு விளங்கேல்லை. அக்சில் முன்னுக்குச் சுத்தேக்க கப்பையும் அதே பக்கம்தானே இழுக்கும்? சாதாரண மரையெல்லோ இறுகும்?

பாலையூற்றான்:
இழுக்காது. போல்ஸ் நடுவில உருளுறபடியால் கப் மற்றப் பக்கம்தான் மெள்ள மெள்ள நகரப் பார்க்கும். கைவிரல்களைத் தளர்வா வளைச்சு அதுக்குள்ள ஒரு பென்சிலை விட்டு, பென்சில் முனையை மணிக்கூட்டுப் பக்கமா வட்டம் போடுங்கோ. பென்சில் தனக்குள்ள எதிர்ப்பக்கம் சுத்தும். இத்தாலிக்காரர் ரெண்டு பக்கமும் சாதாரண மரை வெட்டினவை, அவையின்ர சைக்கிளில வலப்பக்கக் கப் இண்டைக்கும் கழண்டு வரும்.

மூதூர் மிதி:
அப்ப பெடலில இடப்பக்கம் எதிர்மரை, இங்க வலப்பக்கம். ஏன் மாறுது?

பாலையூற்றான்:
பெடலில மரை நடு அக்சிலில இருக்கு, இங்க வெளிக் கப்பில இருக்கு. உள்ளும் வெளியும் மாற, பக்கமும் மாறும்.

மூதூர் மிதி:
போல்ஸ் இறுகிப் பிடிச்சா?

பாலையூற்றான்:
அப்ப நீங்கள் சொன்னபடி அக்சில் கப்பை இழுத்துக் கழட்டும். நல்ல நிலையில ஓடுறதுக்குத்தான் மரை வெட்டுறது.

பழஞ்சில்லு:
பென்சில் விளையாட்டுக்குத் தனி இழை திறவுங்கோ. பெடியன் எங்க?

துறையடி:
தம்பி, போல்ஸ் போட்டா இடப்பக்கக் கப்பை ஆட்டம் நிக்கிற மட்டும் இறுக்கி, மயிரிழை பின்னுக்கு எடுத்து, அதுக்குப் பிறகு கப்பை அசையாமல் பிடிக்கிற லொக் ரிங்கை இறுக்குங்க. ரிங் இறுக்கேக்க கப்பும் கூடச் சுத்தும், அதைப் பிடிச்சுக்கொள்ளுங்க. பின் அடிக்கேக்க கிராங்குக்குக் கீழ மரக்கட்டை முண்டு குடுங்க, இல்லாட்டி அடி முழுக்க போல்ஸிலதான் விழும்.

உப்புவெளிப் பெடியன்:
வெளிச்சம் தெரிஞ்சுது அண்ணை. பழைய கப், பழைய அக்சில், புது போல்ஸ். ஆட்டம் இல்லை. கடையில செற்றைத் திருப்பி எடுத்திட்டினம். நன்றி.

பழஞ்சில்லு:
செயின் பக்கக் கப்பையும் கழட்டினீரோ? தடத்தில குழி இருந்ததோ? அதைச் சொன்னாத்தானே அடுத்தவனுக்கு உதவும்.

நிலாவெளி நடை:
எனக்கும் இதே சத்தம்தான், ஆனா சைக்கிள் லுமாலா. அவசரம், ஆராவது சொல்லுங்கோ.

பழஞ்சில்லு:
குழாயின்ர அகலம்?