சொத்து முதலீட்டுப் பயிலரங்குக் கட்டணத்தை மீட்க வழி உண்டா?

சென்ற மார்ச் மாதம், நகரின் ஒரு ஹோட்டலில் நடந்த இலவச அறிமுகக் கூட்டத்திற்குச் சென்ற நான், "இன்றிரவு மட்டும்" என்ற சலுகையை நம்பி, மூன்று நாள் சொத்து முதலீட்டுப் பயிலரங்கிற்காக 4,800 சிங்கப்பூர் வெள்ளியைக் கடன் அட்டையில் அங்கேயே கட்டிவிட்டேன். (வாசலருகே அட்டை இயந்திரங்களுடன் நால்வர் நின்றதைக் கண்டபோதே விழித்திருக்க வேண்டும்.) கைப்பணமின்றி இரண்டாவது வீடு வாங்கலாம் என்றவர்கள், அதற்குக் குடிமக்களும் வீட்டு விலையில் 20 விழுக்காட்டைக் கூடுதல் முத்திரை வரியாகச் செலுத்த வேண்டும் என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை, மூன்றாம் நாள் முழுவதும் 18,000 வெள்ளித் திட்டமொன்றை விற்பதிலேயே கழிந்தது.

நிறுவனத்துக்கு இருமுறை எழுதினேன்; "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று நான் கையெழுத்திட்ட படிவத்தையே அனுப்பினார்கள். வகுப்பு நடந்துவிட்டதால் வங்கியும் மறுத்தது. பயனீட்டாளர் சங்கத்தின் சமரசப் பேச்சுக்கும் அவர்கள் வரவில்லை. எஞ்சியிருப்பது 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்தான்.

இத்தகைய படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும் அம்மன்றத்தில் பணத்தை மீட்டவர்கள், எந்த ஆதாரத்தை முன்வைத்தீர்கள்?