காலையில் செடிகளிடம் போனபோது நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாதது

செடிப்பித்து, திருச்சி

ஆறேகாலுக்கு மாடி ஏறினால் முதல் வேலை பூசணிக்கு மகரந்தம் தொட்டுவைப்பதுதான். எங்கள் மாடிக்குத் தேனீ எட்டிப்பார்ப்பதே இல்லை. தையில் போட்ட விதை. மூன்று வாரம் ஆண்பூவாகவே பூத்துத் தள்ளியது. பங்குனி பிறந்த பிறகுதான் முதல் பெண்பூ, அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சோடு. மறுநாள் விரியும் என்று தெரிந்ததும் இரவே தூரிகையை எடுத்து வைத்துவிட்டேன்.

காலையில் போனால் பெண்பூ விரிந்திருக்கிறது, ஆண்பூ ஒன்றுகூட இல்லை. கிள்ளிய காம்புகள் மட்டும் நிற்கின்றன, நுனியில் நீர் கசிந்தபடி. கீழே ஓடினேன். பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு மூன்று மஞ்சள் பூ. "நீதானேம்மா சொன்னே இது காய்க்காத பூன்னு. வீணாப் போக வேண்டாமேன்னு சாமிக்கு வச்சேன்" என்றார் அத்தை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை நீட்டி ஒன்றை எடுக்க மனம் வரவில்லை. பத்து மணிக்குள் மேலே பூ சுருங்கிவிட்டது. நாலாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. அத்தையிடம் இன்றுவரை சொல்லவில்லை. "இந்தக் கொடி ஏன் காய்க்கவே மாட்டேங்குது?" என்று அவரே கேட்கிறார்.

கோவை மல்லி

எடுத்திருக்கலாம் அக்கா. அந்தப் பூவால் ஒரு காய் பிடித்தால் அதுவும் பிரசாதம்தான். நான் எடுத்திருப்பேன்.

என்னுடையது செம்பருத்தி. மாவுப்பூச்சி நுனியெல்லாம் வெள்ளையாக அப்பியிருந்தது. சாயங்காலம் வேப்பெண்ணெய்க் கரைசலை நன்றாக நனையும்படி அடித்தேன். காலையில் காய்ந்த இலை கிள்ளும்போது இரண்டு இலை சேர்ந்தே வந்தது. பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் வரிசையாக ஓட்டை, ஓட்டைக்குள் பஞ்சு இழை கோத்திருக்கிறது. தையல்சிட்டுக் கூடு! உள்ளே புள்ளி போட்ட மூன்று முட்டை, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு முட்டையின் மேல் எண்ணெய் பளபளத்தது. குருவி அதற்கப்புறம் வரவே இல்லை. தினமும் அந்தச் செடிக்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றுகிறேன், எப்படிக் கண்ணில் படாமல் போனது?

வயலோரம், தஞ்சாவூர்

கோவை மல்லி, சாமிக்கு வைத்ததை எடுக்கச் சொல்லாதீர்கள். திருச்சிப் பெண் செய்ததுதான் சரி. ஆனால் அத்தையிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. தெரிந்தால் அவரே பூவுக்குக் காவல் இருப்பார்.

அப்புறம் ஒன்று. விரியப்போகும் பெண்மொட்டும் ஆண்மொட்டும் முதல்நாள் சாயங்காலமே நுனி மஞ்சளாகும். இரண்டின் வாயையும் நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கட்டியிருந்தால் யாரும் பறிக்கமாட்டார்கள். காலையில் அவிழ்த்து, ஆண்பூவின் இதழை உரித்துவிட்டு நடுத்தண்டையே பெண்பூவில் தேயுங்கள். தூரிகை வேண்டாம், பாதித் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பூசணிக்கும் பாகலுக்கும்தான் காலை நேரம். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிபவை. பலர் காலையில் போய் வாடின சுரைப்பூவைத் தொட்டுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்கிறார்கள். வெயில் ஏற ஏற ஆண்பூ அதிகமாகும், அதற்காகக் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

மாவுப்பூச்சிக்கு எடுத்ததும் எண்ணெய் அடிக்கத் தேவையில்லை. எறும்பு ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்புதான் அதற்குக் காவல். எறும்பை நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். 2008-ல் உங்கள் கோவைப் பக்கம்தான் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளைப் பூச்சு. எதை அடித்தும் அடங்காதது, 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அடித்தே தீரவேண்டும் என்றால் லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, பூச்சி இருக்கும் நுனியில் மட்டும். அதற்கு முன் இலைகளைப் புரட்டிப் பாருங்கள்.

என்னுடையது சின்ன விஷயம். வாசலில் மல்லிகை, மனைவி வைத்தது. கார்த்திகையில் நான்தான் கவாத்து செய்தேன், பங்குனியில் கொட்டுகிறது. விடியுமுன் மொட்டுப் பறிப்பது அவள் வேலை. இந்த வருஷம் முதல்நாள் ஒரு கிண்ணம் பறித்து உள்ளே கொண்டுபோய், வழக்கம்போல அவள் நாற்காலியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் அங்கேயே விரிந்து, வீடெல்லாம் மணத்தது.

செடிப்பித்து, திருச்சி

ஐயா, இன்னொரு பெண்மொட்டு நுனி மஞ்சளாகியிருக்கிறது. நூல் கட்ட அத்தையையும் மேலே கூட்டிப்போகிறேன். நூல் தளர்வாக என்றால் விரல் நுழையும் அளவா, அதைவிட இறுக்கமாகவா?