குளத்தைச் சுற்றி இல்லாத வெறுந்தரை: சென்டினல் படத்தில் எங்கே பிழை?

குளக்கரை:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வலிகாமத்துக் குளங்களில் மாரிக்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சென்டினல்-2 செய்மதிப் படங்களில் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு பிக்சலும் தாவரமா, வெறுந்தரையா, தண்ணீரா என்று சொல்லும் வகைப்பாட்டு அடுக்கும் கூடவே வரும். அதன் பிக்சல் 20 மீற்றர். ஒரு பிக்சலே 400 சதுர மீற்றர், ஒன்றரைப் பரப்புக் காணிக்கு மேல். எங்கள் ஊர்க் குளத்துக்கு அது காணாது. அதனால் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில், பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து சராசரி எடுக்கும் பைலீனியர் முறையைப் போட்டு 10 மீற்றராக்கினேன். இப்போது குளத்தைச் சுற்றி ஒரு பிக்சல் அகலத்தில் ‘வெறுந்தரை’ வளையம்! நேரில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் முடிகிற இடத்திலேயே புல் தொடங்குகிறது.

பனங்கூடல்:
பைலீனியர் சுற்றியுள்ள 4 பிக்சலைத்தான் பார்க்கும், கியூபிக் முறை 16ஐப் பார்க்கும். அதைப் போட்டுப் பாருங்கோ.

குளக்கரை:
போட்டேன் அண்ணை. வளையம் அங்கங்கே அறுந்தது, முழுக்கப் போகவில்லை.

தெருமூடிமடம்:
போகாது தம்பி. அந்த அடுக்கில் இருப்பவை அளவுகள் இல்லை, வெறும் குறியீட்டு எண்கள். 4 தாவரம், 5 வெறுந்தரை, 6 தண்ணீர். கரையில் புல் பக்கத்து 10 மீற்றர் பிக்சலுக்கு பைலீனியர் புல்லிலிருந்து முக்கால் பங்கும் தண்ணீரிலிருந்து கால் பங்கும் எடுக்கும். 4.5 வரும், முழு எண்ணாக்கினால் 5. உங்கள் வெறுந்தரை அதுதான். இரண்டு பஸ்ஸின் இலக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் நடுவில் ஓடுகிற பஸ்ஸா கிடைக்கும்?

வகைப்பாட்டு அடுக்குக்கு, மிக அருகிலுள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் மட்டும்தான். வளையம் போய்விடும், ஆனால் கரை படிக்கட்டு மாதிரித்தான் நிற்கும். 20 மீற்றரில் பதிவாகாத கரையை எந்த இடைக்கணிப்பும் கொண்டுவந்து தராது. உண்மையான 10 மீற்றர் வேண்டுமென்றால் இந்த அடுக்கை விடுங்கோ. செய்மதி ஒவ்வொரு ஒளி வகையையும் தனித்தனிப் பாண்டாகப் பதியும். பாண்ட் 3 பச்சை, பாண்ட் 8 அண்மை அகச்சிவப்பு. இரண்டும் பிறப்பிலேயே 10 மீற்றர். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்ச்சுட்டி. மக்ஃபீட்டர்ஸ் 1996இல் சொன்ன முறை.

பனங்கூடல்:
சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். அப்படியென்றால் பைலீனியர் எதற்கு உதவும்?

தெருமூடிமடம்:
தெறிப்பு அளவுகளுக்கு, அதாவது எவ்வளவு ஒளி தெறித்து வருகிறது என்ற அளவுகளுக்கு. பாண்ட் 11 போன்ற 20 மீற்றர் பாண்டைச் சுட்டியில் சேர்க்கும்போது முதலில் அதை 10க்கு மாற்றலாம். கியூபிக்கும் போடலாம், ஆனால் வெள்ளை மணலும் கருந்தண்ணீரும் ஒட்டுகிற விளிம்பில் அசல் படத்தில் இல்லாத உச்சமும் பள்ளமும் வரும்.

பனங்கூடல்:
லான்ட்சாட் 8 செய்மதியின் கறுப்பு வெள்ளைப் பாண்டைக் கலந்து கூர்மையாக்கினால்?

தெருமூடிமடம்:
அதில் புதுத் தகவல் உண்டு. ஆனால் அது 15 மீற்றர். தம்பியிடம் 10 ஏற்கெனவே இருக்கிறது.

குளக்கரை:
சுட்டி போட்டுப் பார்த்தேன். கரை ஒத்துவருகிறது, வளையமும் இல்லை. வடக்கு மூலை மட்டும் தரையாக வருகிறது. அங்கே முழுக்கத் தாமரை இலை, அதை நான் கையாலேயே வரைந்துவிடுகிறேன்.