அவன் ரத்தத்துக்குக் கணக்கு இருந்தது, அவர் ரத்தத்துக்கு இல்லை

கோவில்பட்டியில் வளர்ந்த பையன்களின் கையில் கிரிக்கெட் மட்டைக்கு முன்பே ஹாக்கி மட்டை வந்துவிடும். எங்கள் தெருவில் என் நண்பன்தான் கோல் கீப்பர். கால் காப்பு வாங்க வசதி இல்லாத காலத்தில், பழைய சாக்கை மடித்து முழங்காலில் கட்டிக்கொண்டு நிற்பான். கரிசல் மண் மழைக்குப் பிறகு காலோடு ஒட்டிக்கொண்டு வரும். கோடையில் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவனுக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். மே மாதத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி தொடங்கினால் இருவரும் மைதானத்திலேயே கிடப்போம். பெரிய அணிகளின் கீப்பர்கள் எப்படி நிற்கிறார்கள், எப்போது முன்னே வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, மறுநாள் விடிவதற்குள் என்னை எழுப்பி, "மாப்பிள்ளை, நீ அடி, நான் தடுக்கிறேன்" என்பான்.

அவன் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அப்பா இல்லை. பள்ளி முடித்ததும் சாத்தூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் சேர்ந்தான். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பையன்களுக்கு மைதானத்தில் கீப்பிங் சொல்லிக்கொடுப்பான், காசு வாங்கியதில்லை.

2014ஆம் ஆண்டு, அவனுக்கு 24 வயது. இரவு வேலை முடிந்து நான்கு வழிச் சாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். தன் பக்கத்தில்தான் வந்தான். எதிர்த் திசையில் ஏறி வந்த கார் அவன் மீது நேராக மோதியது. ஓடிவந்து தூக்கிய டீக்கடைக்காரர்கள், காரை ஓட்டியவருக்கு நிற்கவே முடியவில்லை என்றும், வண்டிக்குள் பாட்டில்கள் உருண்டன என்றும் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் யாரோ வந்து அவரை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் மதியம், குளித்துச் சட்டை மாற்றி, வழக்கறிஞரோடு வந்து ஆஜரானார்.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் தொலைந்தது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். ஆனால் உடல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவுக்கு அதைக் குறைத்துக்கொண்டே வரும். இரவு பத்து மணிக்கு 100 மில்லிகிராம் இருந்தவர் ரத்தத்தில் விடியும்போது அநேகமாக ஒன்றும் இருக்காது. கண்ணால் பார்த்தவர்கள் இருந்தும் ரத்தப் பரிசோதனை அறிக்கை இல்லாததால், குடித்துவிட்டு ஓட்டிய குற்றத்துக்கான, மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு குற்றப்பத்திரிகையில் ஏறவில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு மட்டும் நின்றது. அதற்கு அதிகபட்சமே இரண்டு ஆண்டுகள். அவருக்கு அபராதத்தோடு முடிந்தது. என் நண்பனின் உடலையோ பிரேதப் பரிசோதனையில் அங்கம் அங்கமாக எழுதி வைத்திருந்தார்கள்.

இழப்பீட்டு வழக்கு இன்னொரு வலி. மணமாகாதவர் இறந்தால், வருமானத்தில் பாதியை அவருடைய சொந்தச் செலவு என்று கழித்துவிட்டு, மீதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 24 வயதுக்கு அந்த எண் 18. உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த முறை அது. தொகை ஆளுக்கு ஆள் மாறாமல் இருக்க ஏதோ ஒரு கணக்கு வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பாதியை அவன் ஒரு மாதம்கூடத் தனக்கென்று செலவழித்ததில்லை. தீர்ப்பை விளக்கியபோது அவன் அம்மா, "அவன் எனக்கே எல்லாம் கொடுத்தானே, எதைக் கழிக்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்டார். நான் இரண்டு முறை விளக்கினேன். அவர் ஏற்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குடித்து ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. 2024 ஜூலை முதல், கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கு ஐந்து ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. ஆனால் ரத்தம் நேரத்தோடு எடுக்கப்படாவிட்டால், குடித்திருந்தார் என்பதை நிரூபிப்பது இன்றும் அதே பாடுதான். 185இன் கீழ் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்தாக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அன்று இரவு இதை எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால், அழுகைக்கு நடுவிலும் ஒருவர் காவல் நிலையத்துக்குப் போங்கள். ஓட்டுநரின் ரத்தத்தை எடுக்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். கொடுத்த நேரத்தைக் குறித்து, ரசீது கேட்டு வாங்குங்கள். பார்த்தவர்களின் தொலைபேசி எண்களை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.