அட்வான்ஸில் பெயிண்டிங் செலவைக் கழித்துக்கொள்ள வீட்டு உரிமையாளருக்கு உரிமை உண்டா?

கேள்வி

சென்னையில் மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருந்த வீட்டை முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்துக் காலி செய்து, சாவியையும் ஒப்படைத்துவிட்டோம். அதன்பின் ஒரு மாதத்திற்கும் மேலாகிவிட்டது. நாங்கள் அட்வான்ஸாகக் கொடுத்திருந்த 90,000 ரூபாயில் பெயிண்டிங்கிற்கு 28,000, துப்புரவுக்கு 4,000, சமையலறைக் குழாய்க்கு 3,000 என்று 35,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதி 55,000 மட்டுமே தர முடியும் என்கிறார் உரிமையாளர். சுவரில் இருப்பவை படம் மாட்டிய சில ஆணித் துளைகளும், மழைக்காலத்தில் மொட்டைமாடியிலிருந்து நீர் கசிந்து சுண்ணாம்பு உரிந்த ஓர் இடமும்தான். நாங்கள் பணத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில் 1

சட்டப்படி இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது. அதைச் சுட்டிக்காட்டி முழுத் தொகையையும் கேளுங்கள்.

பதில் 2

மேலே சொல்லப்பட்டது தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்ற வரம்பு 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் உள்ளது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். இங்கே நடப்பில் இருப்பது, 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த, நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 11-ஆம் பிரிவு மூன்று மாத வாடகையை வரம்பாக வைத்தாலும், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அதற்கும் இடம் தருகிறது. ஆகவே ஆறு மாத அட்வான்ஸ் வாங்கியதே தவறு என்று வாதிடுவதால் உங்களுக்குப் பயன் அதிகமில்லை.

உங்களுக்குக் கைகொடுப்பது அதே பிரிவின் அடுத்த பகுதி: வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, எஞ்சிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். பெயிண்டிங் உங்கள் பாக்கியா என்பதுதான் இப்போதைய கேள்வி. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? வாடகை அதிகாரியிடம் அது பதிவு செய்யப்பட்டதா?

கேட்டவர்

முத்திரைத்தாளில் எழுதிய 11 மாத ஒப்பந்தம்தான். பிறகு வாய்மொழியாகவே நீட்டித்துக்கொண்டோம், பதிவு எதுவும் செய்யவில்லை. "இயல்பான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி உள்ளது. பெயிண்டிங் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அட்வான்ஸை வங்கி மூலமாக அனுப்பினேன். காலி செய்த அன்று ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பதில் 2

அந்த வீடியோவை அழியாமல் பாதுகாத்து வையுங்கள். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்புப் பொறுப்புகளை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும், கட்டுமானப் பழுதுகளைச் சரிசெய்வதும் உரிமையாளரின் பங்கு. வாடகைதாரரால் நேர்ந்த சேதத்துக்கான கட்டுமானப் பழுது மட்டும் இதற்கு விலக்கு. மொட்டைமாடிக் கசிவுக்கு நீங்கள் எவ்வகையிலும் காரணமல்ல. ஆணித் துளைகளை இயல்பான தேய்மானம் என்றே வாதிடலாம். பெரிய துளைகளாக இருந்தால் அவற்றை அடைக்கும் செலவை மட்டும் ஏற்பது நியாயம், வீடு முழுவதற்கும் அல்ல. ஆனால் குழாய் மாற்றுவது அதே அட்டவணையில் வாடகைதாரர் பக்கம் இருக்கிறது. குழாய் உண்மையிலேயே பழுதாகியிருந்தால், ரசீதைப் பார்த்துவிட்டு அந்தத் தொகையை ஒப்புக்கொள்ளுங்கள். நியாயமானதை ஏற்பவரின் மற்றக் கோரிக்கைகளுக்கு மதிப்புக் கூடும்.

பதில் 3

வாடகை வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். 11 மாதம் என்றால் பதிவே தேவையில்லை என்று பலரும் நம்புகிறார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குப் பொருந்தும் விதி. மேற்சொன்ன சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய பதிவு வேறு. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக முன்வைப்பதற்கு இச்சட்டம் கட்டுப்பாடு விதிப்பதால், உங்கள் வங்கிக் கணக்கு விவரமும், தொகையைக் குறிப்பிட்டு உரிமையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் முதன்மையான ஆதாரங்களாகின்றன.

முதலில் கழித்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டு, பணத்தைத் தர 15 நாள் அவகாசம் கொடுத்து, சேர்ப்புச் சான்றுடன் விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பலன் இல்லையென்றால், உடனே வழக்குக்குப் போவதைவிட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுப்பது நல்லது. வழக்குக்கு முந்தைய நிலையிலேயே அவர்கள் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. உரிமையாளர் வர மறுத்தால் பணத்தை வசூலிக்க வழக்குத் தொடரலாம். அதற்குப் பொதுவாக மூன்றாண்டு காலவரம்பு உண்டு.

இதற்கிடையே அவர் 55,000 ரூபாயைத் தந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதிய தாளில் கையெழுத்திடாதீர்கள். "பகுதித் தொகை பெறப்பட்டது, மீதி 35,000 ரூபாய் பற்றிய கோரிக்கை நிலுவையில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்து, அதை உடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.