கொஹிமா, 1944: ரோல்பிளே ஆட்டத்தில் சிப்பாய்ப் பாத்திரங்களுக்கு என்னென்ன கொடுப்பது?

பகடைப்பெட்டி:

வணக்கம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரலில், ஜப்பானியர் முற்றுகையிட்ட நாகா மலை ஊரான கொஹிமாவுக்கு மேற்கே ஜோட்சோமா மேட்டில் நின்ற 161ஆவது இந்தியப் பிரிகேடின் ஒரு காலாட்படைச் செக்‌ஷனை மையமாக வைத்து, நான்கு பேர் விளையாடும் ரோல்பிளே ஆட்டம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். எங்களிடம் உள்ள விதிநூல், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இத்தனை புள்ளிகள் என்று கொடுத்து, அவற்றுக்குள் ஆயுதங்களையும் பொருட்களையும் அவரவரே வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. அப்படி விட்டால் ஒருவர் தாம்சன் கைஇயந்திரத் துப்பாக்கி, ஒருவர் பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கி, ஒருவர் தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள், மற்றொருவர் இடுப்பு நிறையக் கையெறிகுண்டுகள் என்று எடுத்துக்கொண்டு, திருவிழாக் கடைவீதிக்குப் போய்த் திரும்பியவர்களைப் போல வந்து நிற்கிறார்கள். உண்மையில் ஒரு செக்‌ஷனில் யார் எதைச் சுமந்தார்கள்? தோட்டாக் கணக்கையும் சுமைக் கணக்கையும், ஆட்டம் கணக்குப்பிள்ளை வேலையாகிவிடாமல், எந்த அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்?

நாயக்303:

முதலில் புள்ளிக் கடையை மூடிவிடுங்கள். சிப்பாய் தன் ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவனுக்கு ஒதுக்கப்பட்ட வேலைக்கு உரிய ஆயுதம் அவன் கைக்கு வருகிறது. ஆகையால் விளையாடுபவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது வேலையைத்தான்.

அன்றைய செக்‌ஷன் காகிதத்தில் பத்துப் பேர் கொண்டது: தலைமை தாங்கும் நாயக் (கார்ப்பரலுக்கு இணையான பதவி) ஒருவர், ரைஃபிள்காரர்கள் ஆறு பேர், நாயக்குக்கு அடுத்த படியான லான்ஸ் நாயக்கின் கீழ் இயங்கும் பிரென் குழுவில் அவரையும் சேர்த்து மூன்று பேர். உங்களுடைய நால்வரை நாயக், லான்ஸ் நாயக், பிரென் சுடுபவர், அவருடைய இரண்டாம் ஆள் என்று அமர்த்திவிட்டால் நால்வருக்கும் வெவ்வேறான, ஆனால் ஒன்றையொன்று சார்ந்த வேலைகள் கிடைத்துவிடும். மீதி ஆறு ரைஃபிள்காரர்களை ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டராகிய நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போர்க்களத்தில் பத்துப் பேரும் முழுதாக இருந்தது அபூர்வம் என்பதால், இரண்டு மூன்று பேரைக் குறைத்தே தொடங்கலாம்.

தாம்சன் நாயக்கிடம் இருக்கட்டும். பிரென் சுடுபவரைத் தவிர மற்றவர்களுக்கு, இஷாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரான பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள். பத்துத் தோட்டா கொள்ளும், ஏறக்குறைய நான்கு கிலோ எடை. இரண்டாம் ஆளின் சுமையில் பிரெனுக்கான மாற்றுக் குழலும் சேரும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது பிரெனைப் பற்றித்தான், ஏனென்றால் அது சுடுபவருடைய தனிச் சொத்து அன்று. செக்‌ஷன் முழுவதும் அதற்காகவே சுமக்கிறது. 1937 மாதிரிக் கான்வாஸ் பட்டையில் மார்புக்கு இரு பக்கமும் தொங்கும் பைகள் பிரென் மேகசினை (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி) மனத்தில் வைத்தே தைக்கப்பட்டவை. ரைஃபிள்காரர்கள் ஒவ்வொருவரும் தமக்கு உதவாத அந்த மேகசின்களில் இரண்டையாவது சுமந்தார்கள். முப்பது கொள்ளும் மேகசினில் ஸ்பிரிங்கைக் காப்பாற்றுவதற்காகப் பொதுவாக 28 தோட்டாக்களே போடுவார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 என்ற வேகத்தில் விசையை விடாமல் அழுத்தினால் அது நான்கு நொடிகூடத் தாங்காது. எனவே சண்டை நீடிக்கும்போது, பள்ளத்தின் அந்தக் கோடியில் இருக்கும் ரைஃபிள்காரரிடமிருந்து மேகசினை யார் வாங்கி வருவது என்பதே உங்கள் ஆட்டத்தின் பதற்றமான கேள்வியாக இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். தோள்வழி அணியும் துணிப் பேண்டோலியரில் 50 தோட்டாக்கள், ஐந்தைந்தாக உலோகக் கிளிப்பில் செருகப்பட்டு வரும். ரைஃபிளில் அவற்றை அப்படியே அழுத்தி ஏற்றலாம். பிரென் மேகசினை நிரப்பவோ கிளிப்பிலிருந்து கழற்றி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும்; ரைஃபிளும் பிரெனும் சுடும் .303 அங்குலத் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டாகையால், மேலே வருவதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும், இல்லாவிட்டால் நடுச் சண்டையில் சிக்கிக்கொள்ளும். இருட்டில், மழையில், நடுங்கும் விரல்களோடு மேகசின் நிரப்புவதற்கு ஒரு பகடை உருட்டச் சொல்லுங்கள். தோற்றால் அதன் விளைவை உடனே சொல்லாமல், அந்த மேகசின் பயன்படும் நேரத்தில் வெளிப்படுத்துங்கள்.

தோட்டாக்களைத் தனித்தனியே எண்ண வேண்டாம். பிரெனுக்கு மேகசின் கணக்கு, ரைஃபிளுக்குப் பேண்டோலியர் கணக்கு, அவ்வளவு போதும்.

மழைக்காடு:

மேலே நண்பர் சொன்ன செக்‌ஷன் அமைப்பில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் துப்பாக்கியிலேயே நின்றுவிட்டால் பர்மா எல்லைப் போரின் பாதிதான் ஆட்டத்துக்குள் வரும். 1943இல் காயம்பட்டுப் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர் என்று, 14ஆவது படையை நடத்திய ஜெனரல் ஸ்லிம் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மலேரியாவைத் தடுக்கத் தினமும் மெபாக்ரின் மாத்திரை கொடுக்கப்பட்டது. அது தோலை மஞ்சளாக்கும், ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தியும் சேர்ந்ததால் பலர் விழுங்காமல் துப்பினார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்து, 95 சதவீதத்துக்குக் குறைவானவர்களே மாத்திரை உட்கொண்டிருந்தால் அந்தப் பிரிவின் தலைமை அதிகாரியையே பதவியிலிருந்து நீக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே மாத்திரைப் புட்டியைப் பாத்திரத்தின் பொருட்பட்டியலில் எழுதுவதோடு விடாமல், தினமும் மாலையில் எல்லாரும் விழுங்குவதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் பொறுப்பை உங்கள் நாயக்கிடம் ஒப்படையுங்கள். கீழுள்ளவர் மறுத்தால் என்ன செய்வது என்பதை அவர்களே பேசித் தீர்க்கட்டும். அந்த உரையாடல் ஒரு துப்பாக்கிச் சண்டைக்கு ஈடாகும்.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு ஒரு குப்பி: கம்பளித்துணி உறை போட்ட எனாமல் குப்பி, ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். கொஹிமா மேட்டில் முற்றுகையிடப்பட்ட காவற்படைக்கு வரும் தண்ணீர்ப் பாதையை ஜப்பானியர் கைப்பற்றியபின், அந்தக் குப்பியை நிரப்புவதே இரவு வேலையாகிவிட்டது. விமானத்திலிருந்து தண்ணீரைக்கூடப் பாராசூட்டில் இறக்க வேண்டியிருந்தது. காவற்படை நின்ற இடம் மிகக் குறுகலானதால், போட்டவற்றில் கணிசமான பகுதி எதிரியின் பக்கத்திலும் விழுந்தது. உங்கள் செக்‌ஷன் இருப்பது ஜோட்சோமாவில் என்றாலும், ஏப்ரல் 18 அன்று அந்தப் பிரிகேடின் பஞ்சாப் படையினர் காவற்படையைச் சென்றடைந்தார்கள் என்பதால், கதையை அந்தப் பக்கம் நகர்த்த நல்ல காரணம் இருக்கிறது.

போர்வை, மழையில் போர்த்திக்கொள்ளும் ரப்பர் பூச்சுத் தரைவிரிப்பு, பள்ளம் தோண்டும் கருவி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். மண்வெட்டியை எறிந்துவிட்டு ஒரு பேண்டோலியர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியசாலி எல்லா விளையாட்டுக் குழுவிலும் ஒருவர் இருப்பார். முதல் இரவு மார்ட்டர் குண்டு விழும்போது அவருக்குப் பள்ளம் இல்லை என்பதை நீங்கள் தயக்கமின்றி அறிவிக்க வேண்டும்.

உணவு விஷயத்தில் ஒரு சொல். இந்தியப் பிரிவுகளுக்கு ஆட்டா, அரிசி, பருப்பு, நெய், தேயிலை என்று வந்தது. மாட்டிறைச்சி டின் பிரிட்டிஷ் பிரிவுகளுக்கு உரியது. மூட்டை மாறி விழுவதை ஒரு நிகழ்ச்சியாக வைத்தால், பசித்த பாத்திரங்கள் ஒவ்வொன்றும் யார் என்பது அந்த டின்னைத் திறப்பதா வேண்டாமா என்ற இடத்தில் தெரிந்துவிடும்.

பகடைப்பெட்டி:

இருவருக்கும் நன்றி. நால்வரையும் நாயக், லான்ஸ் நாயக், பிரென் இணை என்று அமர்த்துவதாக முடிவு செய்துவிட்டேன். இரண்டு சிக்கல்கள் மிஞ்சுகின்றன. ஒருவர் தொலைநோக்கி ரைஃபிள் இல்லாமல் விளையாடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். மற்றொருவர், வீழ்ந்த எதிரியிடமிருந்து துப்பாக்கி, தோட்டா, வாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா என்று இப்போதே கேட்கிறார்.

பழைய வரைபடம்:

தொலைநோக்கி ரைஃபிள் செக்‌ஷனுக்கு உரியது அன்று. குறிபார்த்துச் சுடும் பயிற்சி பெற்றவர்கள் பட்டாலியன் (பல நூறு பேர் கொண்ட படைப்பிரிவு) அளவில் இருந்தார்கள். தேவைப்படும் இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். உங்கள் நண்பருக்காக அப்படி ஒருவரை ஓரிரு அமர்வுகளுக்கு மட்டும் செக்‌ஷனோடு இணைத்துவிட்டு, மற்ற நேரங்களில் அவர் லான்ஸ் நாயக்காகவே ஆடட்டும். நிரந்தரமாகக் கொடுத்தால் மற்ற மூவரும் அவருக்கு வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள்.

எதிரியின் பொருளைப் பொறுத்தவரை, தடுக்க வேண்டியதே இல்லை, பொருளே தடுத்துவிடும். அங்கே எதிரிலிருந்த ஜப்பானிய 31ஆவது டிவிஷனிடம் பெரிதும் இருந்தது 6.5 மில்லிமீட்டர் அரிசாகா ரைஃபிள், அதன் தோட்டா .303 துப்பாக்கியில் பயன்படாது. ஜப்பானியரின் புதிய 7.7 மில்லிமீட்டர் ரைஃபிளின் தோட்டா, எண்ணளவில் .303க்குச் சமமாகத் தோன்றினாலும், அதன் கூடு வேறு அமைப்புடையது, அதுவும் பயன்படாது. அரிசாகாவையே எடுத்துச் சுடலாம் என்றால், இருட்டில் அதன் ஓசை கேட்கும் திசையை நோக்கி உங்கள் சொந்த பிரென் திரும்பும். நாயக்கின் தாம்சனுக்கும் இதே கவலை உண்டு: அது .45 தோட்டா, செக்‌ஷனில் வேறு யாரிடமும் கடன் வாங்க முடியாது. மேகசின் தீர்ந்தால் அவர் கையில் இருப்பது ஐந்து கிலோ இரும்பு.

எதிரியின் உடலைத் தேடினால் உணவு கிடைக்கும் என்றும் எதிர்பார்க்கச் சொல்லாதீர்கள். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கான உணவோடு வந்த படை அது. மே இறுதியில் அதன் தளபதி சாத்தோ மேலிடத்து உத்தரவை மீறிப் பின்வாங்கத் தொடங்கியதற்குப் பட்டினியே முதற்காரணம். தேடினால் கிடைக்கத்தக்கது காகிதங்கள்: குறிப்பேடு, கடிதம், வரைபடம். அவற்றைப் பின்னால் அனுப்புவது கட்டளை. அதற்குக் கைம்மாறாகச் செக்‌ஷனுக்கு ஒரு பெட்டி 36ஆம் எண் கையெறிகுண்டு வந்து சேரட்டும். பெட்டிக்குப் பன்னிரண்டு, வெடிதிரிகள் தனி டின்னில் இருக்கும். அடிமூடியைத் திருகித் திறந்து ஒவ்வொன்றிலும் திரியைப் பொருத்தி வைக்காதவர், சண்டையில் குண்டை எறிய முடியாது.

வாளை எடுத்துக்கொள்ளட்டும். சுமைக்கு நான் பின்பற்றும் விதி: ஆளுக்குப் பத்து இடங்கள், ரைஃபிள் இரண்டு, மேகசின்கள் இரண்டு, பேண்டோலியர் ஒன்று, தண்ணீர் ஒன்று, தோண்டும் கருவி ஒன்று, போர்வையும் தரைவிரிப்பும் இரண்டு, உணவு ஒன்று. அதிலேயே பத்தும் நிரம்பிவிடுகிறது. வாளுக்கு ஓர் இடம் வேண்டுமானால் எதைக் கீழே வைக்கிறார் என்பதை அவரே எழுதித் தரவேண்டும், அதையும் நாயக்காக ஆடுபவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியபின்.